செடான் காருக்கு இரட்டை வாய் சைலன்சர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்குள்ள அளவுகள் எல்லாம் நம் ஊரில் அதிகம் ஓடும் ஒரு வகைக் காரை மனதில் வைத்துச் சொல்லப்பட்டவை: 1.5 லிட்டர், நான்கு சிலிண்டர், டர்போ இல்லாத பெட்ரோல் என்ஜின், முன்சக்கர இழுவை, பின்சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் குறுக்குத் தண்டு சஸ்பென்ஷன், டிக்கிக்கு அடியில் ஸ்டெப்னி தொட்டி. உங்கள் கார் இதிலிருந்து மாறினால் எதைத் திரும்ப அளக்க வேண்டும் என்பது அந்தந்த இடத்திலேயே இருக்கிறது.

இரட்டை வாய் சைலன்சரில் எத்தனை வகை?

கடைகளில் ஒரே பெயரில் நான்கு வேறு சரக்குகள் விற்கின்றன. முதல் வகை, இருக்கும் ஒற்றைக் குழாயின் முனையில் மாட்டும் இரட்டை டிப். இரண்டு வாயும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்; ஒரு கிளாம்ப், அரை மணி நேர வேலை. இரண்டாவது, வண்டியின் அகலவாட்டில் படுத்திருக்கும் ஒரே பின் சைலன்சர். உள்ளே வர ஒரு வழி, இரு முனையிலும் வெளியேற இரண்டு வழி. மூன்றாவது, பின் அச்சைத் தாண்டியதும் குழாயை ஒய் வடிவத்தில் பிரித்து, இடமும் வலமும் ஒவ்வொரு சிறு சைலன்சர் வைப்பது. நான்காவது, என்ஜினிலிருந்தே தனித்தனியாக வரும் இரண்டு முழு வரிசைகள். அது வி வடிவ என்ஜின்களுக்கு உரியது. நான்கு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்கும் என்ஜினுக்கு அதைச் செய்வது எடையையும் செலவையும் கூட்டுவதைத் தவிர வேறொன்றும் தராது.

இடம் கிடைத்தால் இரண்டாம் வகையே நல்லது. சைலன்சரின் அறையே இரு பக்கத்துக்கும் பொதுத் தொட்டியாக நின்று புகையைச் சமமாகப் பிரித்துக் கொடுக்கும். மூன்றாம் வகையில் அந்தச் சமநிலையை வெல்டரின் கை கொண்டுவர வேண்டும்.

பவர் கூடுமா? மைலேஜ் கூடுமா?

கூடாது. பின் அச்சுக்குப் பிறகுள்ள பகுதியை மட்டும் மாற்றும்போது, என்ஜினுக்கு இருந்த தடையில் பெரும்பங்கு அப்படியே இருக்கிறது: சிலிண்டர்களின் புகையைச் சேர்க்கும் மேனிஃபோல்டு, நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், முன்குழாய், சத்தத்தைத் தணிக்கும் நடு ரெசனேட்டர் எதுவும் மாறவில்லை. ஓட்டும்போது தெரிகிற மாற்றம் எதுவும் வராது. எடை மட்டும் உறுதியாகக் கூடும். 38 மி.மீ. குழாய், 1.5 மி.மீ. கனத்தில், மீட்டருக்கு சுமார் 1.35 கிலோ. அதோடு இரண்டாவது சைலன்சர், அதைத் தொங்கவிடும் ஹேங்கர், வெப்பத் தகடு எல்லாம் சேரும்.

ஆகவே இது தோற்றத்துக்காகச் செய்யும் வேலை. அதில் குறை ஒன்றுமில்லை. அப்படி ஒப்புக்கொண்டால் பெரிய குழாய், காலிச் சைலன்சர் என்று போகாமல், அமைதியாகவும் சுத்தமாகவும் இயங்கும் ஒன்றைச் செய்ய மனம் வரும்.

பேக் பிரஷர் போனால் பிக்கப் போய்விடும் என்கிறார்களே?

என்ஜினுக்குப் பின்னழுத்தம் தேவையே இல்லை. மேனிஃபோல்டில் புகை வேகம் குறையாமல் ஓட வேண்டும், அதுதான் தேவை. ஒரு சிலிண்டரின் புகை வேகமாக வெளியேறும்போது பின்னால் உண்டாகும் இழுப்பு அடுத்ததற்கு உதவும். அது நடக்கும் இடம் என்ஜினுக்கு அருகில். ரெசனேட்டரைத் தாண்டிய பிறகு செய்யும் மாற்றம் அந்த விளையாட்டைப் பெரிதாகத் தொடாது. முழு வரிசையையும் 63 மி.மீ. குழாயாக மாற்றியவர்களுக்குத்தான் கீழ் ஆர்.பி.எம்.மில் வண்டி மந்தமாகிறது.

சட்டப்படி செய்யலாமா?

இதைப் படித்த பிறகே பட்டறைக்குப் போவது நல்லது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதையே உறுதி செய்தது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சத்தம், புகை விதிகளை மீறினால் 190(2) பிரிவு: முதல் முறைக்கு 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்; அதோடு மூன்று மாதத்துக்கு ஓட்டுநர் உரிமம் இழப்பு.

மத்திய மோட்டார் வாகன விதிகளில் மூன்று, இந்த வேலையை நேரடியாகத் தொடுகின்றன. விதி 120: புகையின் சத்தத்தை இயன்றவரை குறைக்கும் சைலன்சர் இருந்தே ஆக வேண்டும். விதி 112: புகை கீழ்நோக்கியோ இடப்பக்கமாகவோ வெளியேறக் கூடாது, பின்னோக்கியோ வலப்பக்கமாகவோதான் போகலாம். இரட்டை வாய் வைப்பவர்கள் தவறுவது இதில்தான். இடது டிப்பை அழகுக்காக வெளிப்பக்கம் திருப்பி வைத்தால் விதி மீறல். நேராகப் பின்னால் பார்க்க வேண்டும். விதி 113: பயணிகளை ஏற்றும் வண்டியில் புகைக்குழாய்க்கும் எரிபொருள் குழாய்க்கும் நடுவே குறைந்தது 35 மி.மீ. இடைவெளி வேண்டும்.

கார் நிறுவனமே துணைப்பொருளாக விற்கும் டிப் மாட்டுவதில் சிக்கல் வராது. குழாயையே பிரித்துப் புதுச் சைலன்சர் வைப்பதென்றால், முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்திலேயே தெரிவியுங்கள். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி, விபத்து நேரத்தில் கிளெய்மை மறுக்க அவர்களுக்கு வழி உண்டு. வாரண்டி காலத்தில் இருக்கும் வண்டியென்றால் காத்திருப்பதே மேல்.

என் காரில் இடம் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

வண்டியைத் தூக்கி, பழைய சைலன்சர் இல்லாத பக்கத்தைப் பாருங்கள். அங்கே சும்மா காலியிடம் இருப்பதில்லை. பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கரி டப்பா, பெட்ரோல் ஊற்றும் குழாயின் வளைவு, ஏ.பி.எஸ். வயர், பார்க்கிங் சென்சார் வயர் இவற்றில் ஏதாவது ஒன்று நிற்கும். கரி டப்பாவும் அதன் குழாய்களும் அந்தப் பக்கம் இருந்தால் யோசனையை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். பிளாஸ்டிக் டப்பாவில் பெட்ரோல் ஆவி, பக்கத்தில் சூடான குழாய் என்பதை எந்தத் தகடு வைத்தும் நியாயப்படுத்த முடியாது.

அடுத்து ஸ்டெப்னி தொட்டிக்கும் பின் பம்பரின் இரும்புச் சட்டத்துக்கும் நடுவே அளந்து பாருங்கள். அகலவாட்டுச் சைலன்சருக்கு முன்பின்னாக 170 முதல் 180 மி.மீ. வேண்டும். நான்கு மீட்டருக்குள் அடக்குவதற்காக டிக்கியை வெட்டிய டிசையர், அமேஸ், ஆரா, டிகோர் போன்ற வண்டிகளில் இந்த இடம் கிடைப்பது கடினம். அவற்றுக்கு முதல் வகை டிப்போடு நின்றுகொள்வது நல்லது.

இடைவெளிகளை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: பம்பர் பிளாஸ்டிக்கிலிருந்து 30 மி.மீ., நடுவே தகடும் வேண்டும்; டிப் வெளிவரும் வெட்டில் மட்டும் சுற்றிலும் 15. அடித்தளத் தகட்டிலிருந்து 20. பிரேக் ஹோஸ், வயர்களிலிருந்து 50-க்குக் குறையாமல். எரிபொருள் குழாய்க்குச் சட்டம் 35 என்றாலும் அதையும் 50 ஆக்குங்கள். குறுக்குத் தண்டு முழுவதும் மேலே ஏறிய நிலையில் குழாய்க்கும் அதற்கும் 25 மி.மீ. இந்தக் கடைசி அளவை இரண்டு தூண் லிஃப்டில் தூக்கி வைத்து எடுக்கக் கூடாது. லிஃப்டில் சக்கரங்கள் தொங்கும். தண்டு கீழே இறங்கி இடம் தாராளமாகத் தெரியும். வண்டியைத் தரையில் இறக்கி, ஐந்து பேர் ஏறி, டிக்கியில் சாமான் வைத்தால் பின்பக்கம் நான்கைந்து செ.மீ. இறங்கிவிடும், வேகத்தடையில் அதற்கும் மேல். சாய்தளத்திலோ குழி மேலோ, சக்கரத்தில் பாரம் நிற்கும்போது அளந்தால்தான் அது அளவு.

குழாய் எந்த அளவு வாங்குவது?

அச்சுக்குப் பின்வரை ஒற்றைக் குழாய் 51 மி.மீ., அதாவது இரண்டு அங்குலம் போதும். பிரிந்த பிறகு இரு பக்கமும் 38 மி.மீ., ஒன்றரை அங்குலம்.

கணக்கு இதுதான். 1.5 மி.மீ. கனமுள்ள 51 மி.மீ. குழாயின் உள்விட்டம் சுமார் 47.8, உட்பரப்பு ஏறத்தாழ 1,795 சதுர மி.மீ. 38 மி.மீ. குழாயின் உள்விட்டம் சுமார் 35. இரண்டும் சேர்ந்து 1,935. கொஞ்சம் தாராளம், அவ்வளவே. இதையே 44.5 மி.மீ. குழாயாக இரண்டு போட்டால் மொத்தம் 2,700-ஐத் தாண்டும், அதாவது ஒன்றரை மடங்கு. புகை வேகம் விழுந்து, குழாய் குளிர்ந்து, உள்ளே தண்ணீர் தேங்கும்; சத்தமும் கூடும். ‘இரண்டு அங்குலத்தை இரண்டு இரண்டு அங்குலமாகப் பிரித்துத் தருகிறேன்’ என்று சொல்லும் பட்டறையில் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

வெளியே தெரியும் டிப் மட்டும் 76 அல்லது 89 மி.மீ. இருக்கலாம். அது வெறும் சட்டை.

எந்த இரும்பு?

கார் நிறுவனங்கள் அதிகம் போடுவது 409 வகை ஸ்டெயின்லெஸ். காந்தம் ஒட்டும், மேலே லேசாகப் பழுப்பேறும், ஆனால் ஓட்டை விழ ஆண்டுகள் ஆகும். 304 வகை பளபளப்பாகவே இருக்கும்; சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற உப்புக் காற்று ஊர்களுக்கு அதுவே ஏற்றது. ஆனால் 304 சூட்டில் அதிகம் நீளும். ஒன்றரை மீட்டர் நீளம் 250 டிகிரி சூடேறினால் 409 நான்கு மி.மீ. சொச்சம்தான் வளரும், 304 ஆறரை மி.மீ. வளரும். பம்பரில் டிப்பைச் சுற்றி 15 மி.மீ. வெட்டு விடச் சொல்வது இதற்காகவும், என்ஜின் ஆடும்போது குழாய் முன்பின் போவதற்காகவும்தான்.

தண்ணீர்க் குழாயாக விற்கும் ஜி.ஐ. பைப்பை வெல்டர் எடுத்தால் தடுத்துவிடுங்கள். மேலே உள்ள துத்தநாகம் வெல்டிங் சூட்டில் புகையாகி, மூச்சில் ஏறி, அன்றிரவே அவருக்குக் குளிர்காய்ச்சல் வரும். கனமும் தேவைக்கு மேல்.

என்னென்ன சாமான் வாங்க வேண்டும்?

அகலவாட்டுச் சைலன்சர் வழிக்கு: ஒரு வழி உள்ளே, இரு வழி வெளியே உள்ள சைலன்சர் 1, 51 மி.மீ. நேர்குழாய் 1 மீட்டர், 38 மி.மீ. நேர்குழாய் 2 மீட்டர். உள்ளே மடிப்பு விழாமல் வளைத்த 90 டிகிரி பெண்டு, 51-இல் ஒன்றும் 38-இல் நான்கும். 45 டிகிரி பெண்டு இரண்டு. ஹேங்கர் கம்பிக்கு 10 மி.மீ. உருண்டைக் கம்பி 1 மீட்டர், ஹேங்கர் ரப்பர் 5 அல்லது 6, கூடவே உபரியாக ஒன்று, ஃபிளேஞ்ச் (குழாய்களைப் போல்ட் போட்டு இணைக்கும் வட்டத் தகடு) நடுவே வைக்கும் கேஸ்கட் புதிது 1, பட்டைக் கிளாம்ப் 3, டிப் 2, பம்பர் ஓரங்களுக்கும் ஸ்டெப்னி தொட்டிக்கும் அலுமினியத் தகடு. ஒய் வழியென்றால் சைலன்சர் இரண்டு, 38 மி.மீ. குழாய் இன்னொரு மீட்டர், ஒய் துண்டு ஒன்று.

மணல் நிரப்பியோ சாதாரண பெண்டிங் மெஷினிலோ வளைத்த குழாயைத் தவிருங்கள். வளைவில் நசுங்கி, 38 என்று வாங்கியது 32 ஆகிவிடும். ஒரு பக்கம் நசுங்கினாலே புகை மறுபக்கம் ஓடத் தொடங்கும்.

வேலை எந்த வரிசையில் நடக்க வேண்டும்?

முந்தைய இரவே ஃபிளேஞ்ச் நட்டுகளில் துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். வண்டி முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டுத்தான் தொடக்கம்.

1. பழைய சைலன்சரை அவிழ்க்கும் முன் நான்கு பக்கமும் படம் எடுத்து, டிப் பம்பரிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஹேங்கர் ரப்பர் சோப்புத் தண்ணீரில் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். திருப்புளியால் நெம்பினால் கிழியும்.

2. அச்சுக்குப் பின்னால் ஃபிளேஞ்ச் இருந்தால் அங்கே பிரியுங்கள். சில வண்டிகளில் கன்வெர்ட்டருக்குப் பிறகு கடைசிவரை ஒரே துண்டு. அப்போது அச்சைத் தாண்டியதும் வரும் நேரான இடத்தில், இரு பக்கமும் 75 மி.மீ. நேர்குழாய் மிஞ்சும்படி வெட்டுங்கள். பழைய துண்டை ஒரு உறையும் கிளாம்பும் போட்டுத் திரும்ப மாட்ட அந்த நீளம் உதவும்.

3. ஸ்டெப்னியை எடுங்கள், பம்பரைக் கழற்றுங்கள். பம்பரை ஒருமுறை திரும்ப வைத்து, டிப் வரும் மையத்தை இரு பக்கமும் நம்பர் பிளேட்டின் நடுவிலிருந்து அளந்து குறியுங்கள். தரையிலிருந்து உயரத்தையும் அளக்க வேண்டும். இரண்டு வாயும் 5 மி.மீ. ஏற்றத்தாழ்வாக இருந்தாலே பின்னால் நிற்பவர் கண்ணில் படும்.

4. சைலன்சரை ஜாக்கியின் மேல் நிறுத்தி, இடம் பார்த்து, குழாய்களை மூன்று நான்கு புள்ளிகளில் மட்டும் டேக் (தற்காலிகப் புள்ளி வெல்டிங்) வையுங்கள். வண்டி சக்கரத்தின் மேல் நிற்க வேண்டும்.

5. முழு வெல்டிங்குக்கு முன் பின்சீட்டில் மூன்று பேரை உட்காரவைத்து டிக்கியை அமுக்கி ஆட்டுங்கள். எங்கே தொடுகிறது என்று பார்க்க, சந்தேகமான இடத்தில் களிமண் உருண்டை ஒட்டி வைத்தால் அது நசுங்கிய கனமே இடைவெளியைச் சொல்லிவிடும்.

6. எல்லாவற்றையும் கழற்றி, வண்டிக்கு வெளியே வைத்து முழுவதும் வெல்டிங்.

7. கசிவுச் சோதனை: இரு டிப்பையும் துணி வைத்து அடைத்து, வாக்குவம் கிளீனரின் காற்று ஊதும் பக்கத்தை உள்ளே செலுத்தி, மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழ் வந்தால் திரும்ப வெல்டிங்.

8. மாட்டும்போது கிளாம்ப்களை லேசாக மட்டும் இறுக்கி, என்ஜினை நன்றாகச் சூடாகும்வரை ஓட்டி, குழாய் தானாக அமரும் இடத்தில் அமர்ந்த பிறகு, முன்னிருந்து பின்னாக இறுக்குங்கள். சூட்டோடு வேலை, கையுறை கட்டாயம்.

பழக்கமான இருவருக்கு ஒரு முழு நாள் ஆகும். அதில் பாதி நேரம் நான்காம் ஐந்தாம் படிகளில் போனால் வேலை சரியாக நடக்கிறது என்று பொருள்.

வெல்டிங்கில் எதைக் கவனிக்க வேண்டும்?

ஸ்டெயின்லெஸ்ஸுக்கு ஆர்கான் வெல்டிங் கேளுங்கள். 304-ஐ 304-உடன் சேர்க்க 308எல் கம்பி. 304-ஐச் சாதா இரும்பு ஃபிளேஞ்சோடு சேர்க்க 309எல். சாதா இரும்புக் கம்பியால் ஸ்டெயின்லெஸ்ஸை ஒட்டினால் அந்த வரி மட்டும் ஓராண்டுக்குள் துருப்பிடித்து வெடிக்கும். வெல்டிங்கின்போது குழாய்க்குள்ளும் ஆர்கான் நிரம்பியிருக்க வேண்டும். இல்லையென்றால் உட்புறம் கறுத்து, சர்க்கரைப் பாகு பொரிந்ததுபோல் சொரசொரப்பாகும். வெளியே வரிவரியாக அழகாகத் தெரிந்தாலும் முதலில் விரிசல் விழுவது அங்கேதான்.

வண்டியின் மேல் டேக் வைக்கும்போது எர்த் கிளாம்பை அந்தக் குழாயிலேயே, வைக்கும் இடத்துக்கு அருகில் மாட்டச் சொல்லுங்கள். சக்கரப் பக்கமோ பாடியிலோ மாட்டினால் மின்னோட்டம் வீல் பேரிங் வழியாகவும் எலக்ட்ரானிக்ஸ் வழியாகவும் போகும். பெட்ரோல் டேங்க் பின்சீட்டுக்கு அடியில், கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஈரச் சாக்கும் தீயணைப்பானும் பக்கத்தில் இல்லாத பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.

நெடுஞ்சாலையில் ‘ஙொய்ங்’ என்று காதை அடைக்கும் உறுமல் ஏன் வருகிறது?

இந்த வேலையில் அதிகம் பேர் வருந்துவது இதற்காகத்தான். காரணம் தெரிந்தால் தவிர்க்கலாம்.

நான்கு சிலிண்டர் என்ஜின் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முறை வெடிக்கிறது. 2,400 ஆர்.பி.எம். என்றால் வினாடிக்கு 40 சுற்று, 80 வெடிப்பு: 80 ஹெர்ட்ஸ். கேபினும் டிக்கியும் சேர்ந்த உள்ளிடம் இந்தத் தாழ்ந்த ஒலிக்குத் தவில் தொப்பிபோல் அதிரும். நெடுஞ்சாலையில் டாப் கியரில் சீராக ஓடும்போது முள் நிற்பதும் அந்த இடத்தில்தான். வெளியே நிற்பவருக்குச் சத்தம் அதிகமில்லை. உள்ளே இருப்பவருக்கு இரண்டு மணி நேரத்தில் தலைவலி.

கம்பெனி சைலன்சருக்குள் அறைகளும் தடுப்புகளும் இருக்கும். அவைதான் தாழ்ந்த ஒலியை அடக்குகின்றன. ‘ஸ்போர்ட்ஸ்’ என்று விற்பவை பெரும்பாலும் ஓட்டைகள் போட்ட நேர்குழாயைச் சுற்றி கண்ணாடிப் பஞ்சு அடைத்தவை. பஞ்சு கீச்சொலியை நன்றாக உறிஞ்சும்; 80 ஹெர்ட்ஸை அது தொடுவதே இல்லை. எனவே அறையுள்ள சைலன்சரையே வாங்குங்கள். நடு ரெசனேட்டரை யார் சொன்னாலும் வெட்டாதீர்கள்.

வந்துவிட்ட உறுமலை அடக்க, பக்கவாட்டில் ஒரு முனை மூடிய குழாய் பொருத்தும் வழி உண்டு. அந்த ஒலியின் அலைநீளத்தில் கால்பங்கு நீளம் வேண்டும். 200 டிகிரிப் புகையில் ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 430 மீட்டர் போகும்; 80 ஹெர்ட்ஸுக்குக் கால்பங்கு சுமார் 1.35 மீட்டர். செடானின் அடியில் அதற்கு எங்கே இடம்? மூன்று சிலிண்டர் என்ஜினில் அதே 2,400-இல் வருவது 60 ஹெர்ட்ஸ்; அதை அடக்குவது இன்னும் கடினம். மூன்று சிலிண்டர் செடானுக்குப் பின் சைலன்சரைத் தொடாமல் டிப் மட்டும் மாட்டுவதே எங்கள் பரிந்துரை.

வேலைக்கு முன்னும் பின்னும், அதே சாலையில் அதே வேகத்தில், போனை ஒரே இடத்தில் வைத்து அளந்து பாருங்கள். போன் காட்டும் எண் துல்லியமில்லை. வித்தியாசம் தெரிய அது போதும். 3 டெசிபல் ஏறினால் ஒலியாற்றல் இரட்டித்துவிட்டது என்று பொருள்.

ஒரு டிப்பில் கரி, இன்னொன்று புதிதுபோல் இருக்கிறது. ஏன்?

புகை சமமாகப் பிரியவில்லை. ஒய் துண்டுக்குச் சற்று முன்னாலேயே குழாய் வளைந்தால், புகை வளைவின் வெளிச்சுவரை ஒட்டி ஓடி அந்தப் பக்கத்துக் கிளையிலேயே அதிகம் நுழையும். பிரியும் இடத்துக்கு முன் விட்டத்தைப்போல் ஐந்து மடங்கு நேர்நீளம் விடுவது வழக்கம், 51 மி.மீ. குழாய்க்குக் கால் மீட்டர். ஒய்யின் இரு கைகளுக்கு நடுவே கோணம் 45 டிகிரிக்குள் இருக்கட்டும். டி வடிவத்தில் முட்டவிட்டுப் பிரிப்பது வேண்டாம். ஒரு பக்கம் நீளமும் வளைவும் கூடுதலென்றால் அதற்கும் தடை கூடும். நீளத்தைச் சமமாக்க முடியாவிட்டாலும் வளைவுகளின் எண்ணிக்கையையாவது சமமாக்குங்கள்.

சைலன்சர் ஒரு பக்கம் மட்டும் துருப்பிடித்து ஓட்டையாகிறதே?

மேலே சொன்னதன் தொடர்ச்சிதான் இது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. குழாய் சூடாக இருந்தால் அது அப்படியே போய்விடும். புகை குறைவாக ஓடும் பக்கம் சூடேறாது. ஆவி அங்கே தண்ணீராகித் தேங்கும். பள்ளிக்கும் கடைக்கும் என்று இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் இது விரைவாக நடக்கும். சைலன்சரின் தாழ்ந்த புள்ளியில் 3 மி.மீ. வடிதுளை இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். காலையில் அதிலிருந்து சொட்டினால் அது நல்ல அறிகுறி, அடைக்காதீர்கள். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் சாலையில் ஓட்டுவது வண்டிக்கும் நல்லது.

பம்பர் நிறம் மாறி உருகுகிறது.

பம்பர் பாலிப்ரொப்பிலீன், 160 டிகிரி அருகே உருகும், அதற்கு வெகு முன்பே தளரும். டிப் பம்பர் ஓரத்தைவிட உள்ளே இருந்தால் சூடான புகை ஓரத்தில் மோதிச் சுழலும். டிப் பம்பரைவிட 10 முதல் 15 மி.மீ. வெளியே நீட்டி நிற்கட்டும், அதற்கு மேல் வேண்டாம்: டிக்கியிலிருந்து பை எடுக்கும்போது முழங்காலும், பக்கத்தில் நிற்கும் குழந்தையின் காலும் அந்த உயரத்தில்தான் வரும். இரட்டைச் சுவர் டிப் வாங்கினால் வெளிச்சுவர் சூடு குறையும்.

ஸ்டார்ட் செய்யும்போதும் வேகத்தடையிலும் ‘டக்’ என்று தட்டுகிறது.

ஸ்டார்ட், நிறுத்தம் இரண்டிலும் தட்டினால் பக்கவாட்டு இடைவெளி போதவில்லை, அல்லது ஹேங்கர் ரப்பர் இளகிவிட்டது. வேகத்தடையில் மட்டும் என்றால் தண்டு குழாயைத் தொடுகிறது. அந்தச் சத்தத்தைப் போக்க ரப்பரை எடுத்துவிட்டு இறுக்கமாகப் போல்ட் போடுவது பெரிய தவறு. அதிர்வு முழுவதும் பாடிக்கு ஏறும். ஆட இடமில்லாமல் முன்னாலுள்ள நெளிகுழாய் கிழியும். புது ஹேங்கர் பிடிமானத்தை அடித்தளத் தகட்டில் ஓட்டை போட்டு மாட்டாதீர்கள். பம்பர் சட்டத்தின் போல்ட் அல்லது கொக்கி பிடிமானம் போன்ற கனத்த இடத்திலிருந்து எடுங்கள்.

டிக்கியிலும் பின்சீட்டிலும் புகை வாசம் வருகிறது.

வண்டியை ஓட்டுவதை உடனே நிறுத்துங்கள். வாசம் வரும் வழியில் வாசமே இல்லாத கார்பன் மோனாக்சைடும் வரும். அது உயிரைக் குடிக்கும். பெரும்பாலான செடான்களில் கேபின் காற்று வெளியேற, பின் பம்பருக்கு உள்ளே இரு பக்கமும் ரப்பர் மடல் வைத்த துவாரங்கள் இருக்கும். வெளியிலிருந்து தெரியாது. புதுக் குழாயின் மூட்டு அந்தத் துவாரத்துக்கு நேர் கீழே வந்து, சிறிது கசிந்தால் போதும். பம்பரைக் கழற்றும் மூன்றாம் படியிலேயே அந்த மடல்கள் எங்கே என்று பார்த்து, கிளாம்ப் மூட்டுகளை அங்கிருந்து விலக்குங்கள். அந்தப் பகுதியில் முழு வெல்டிங் மட்டும். வயர் நுழைக்கப் போட்ட ஓட்டைகளில் ரப்பர் அடைப்பான் திரும்ப இருக்கிறதா என்றும் பாருங்கள்.

புகைச் சோதனையில் தோற்றுவிட்டது. கன்வெர்ட்டர் போய்விட்டதா?

அவசரப்பட்டு அதை மாற்றாதீர்கள். பி.எஸ்.4, பி.எஸ்.6 பெட்ரோல் கார்களுக்கு ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பி.பி.எம். வரம்பு, 2,500 ஆர்.பி.எம். அளவில் மோனாக்சைடு 0.2 சதவீதம், லாம்டா (காற்றும் எரிபொருளும் சேர்ந்த விகிதத்தைக் காட்டும் எண்) 0.97 முதல் 1.03. லாம்டா மட்டும் 1.03-ஐத் தாண்டினால் ஏதோ மூட்டில் வெளிக்காற்று உள்ளே போகிறது. புகை துடிப்புத் துடிப்பாக வருவதால், இரு துடிப்புக்கு நடுவே கசிவு வழியாகக் காற்று இழுக்கப்படும். சோதனைக் கம்பி 300 மி.மீ. உள்ளே போக வேண்டும். டிப்புக்குப் பின்னாலேயே செங்குத்தான வளைவு வைத்திருந்தால் அது போகாது, அப்போதும் அளவு பிழைக்கும். இரு வாயிலும் தனித்தனியாக அளக்கச் சொல்லுங்கள்.

‘கேட்’டை (கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை) எடுத்துவிட்டால் சத்தம் நன்றாக இருக்குமாமே?

எடுக்கக் கூடாது. இரண்டாவது ஆக்சிஜன் சென்சார் உடனே கண்டுபிடித்து என்ஜின் விளக்கை எரியவிடும், புகைச் சான்று கிடைக்காது, பின்னால் பைக்கில் வருபவர் அந்த நச்சை மூச்சில் இழுப்பார்.

டீசல், டர்போ, சி.என்.ஜி. வண்டிகளுக்கு?

பி.எஸ்.6 டீசலில் கரி வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்யும்போது புகையின் சூடு வெகுவாக ஏறும். அதற்கு ஏற்ற இடைவெளியைப் பட்டறையில் கணிப்பது கடினம், தொடாதீர்கள். டர்போ பெட்ரோலுக்கு 51 மி.மீ. போதாமல் போகலாம், கம்பெனிக் குழாயின் உள்விட்டத்தை அளந்து, அதற்குக் குறையாமல் போடுங்கள். சி.என்.ஜி. வண்டியில் சிலிண்டரிலிருந்து வரும் வாயுக் குழாய் வண்டிக்கு அடியில் வருவதால் இந்த வேலையே வேண்டாம்.

மாட்டிய பிறகு எப்போது பார்க்க வேண்டும்?

முதல் 100 கி.மீ.க்குப் பிறகு எல்லாக் கிளாம்ப்களையும் ஒருமுறை இறுக்குங்கள். 1,000 கி.மீ.யில் லிஃப்டில் ஏற்றி, வெல்டிங் வரிகள், ரப்பர்கள், தகடுகள் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தண்டிலோ தொட்டியிலோ பளபளப்பாகத் தேய்ந்த இடம் இருந்தால் அங்கே தொடுகிறது. பிறகு ஒவ்வொரு சர்வீஸிலும் போதும். பழைய சைலன்சரை மெக்கானிக்கிடம் எடைக்குப் போட விடாதீர்கள். வடிதுளை கீழே பார்க்கும்படி, ரப்பர், நட்டுகளோடு மேல்மாடியில் உலர்ந்த இடத்தில் வையுங்கள். வண்டியை விற்கும்போதும், அதிகாரி ‘பழையபடி மாற்றிக்கொண்டு வா’ என்னும்போதும் அது வேண்டும்.